மேட்டூர் தண்ணீர், குழிக் கணக்கு, நெல் பணம்: சி மொழியில் எண் வகையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் கணினிப் பாடம் எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் பலருக்கும் முதல் நிரல்மொழி சி தான். புத்தகத்தில் எண் வகைகளுக்கு ஓர் அட்டவணை இருக்கும். அதை மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதிவிடுவார்கள். அப்புறம் நிரல் எழுத உட்கார்ந்ததும் எல்லாவற்றுக்கும் இன்ட் என்ற முழு எண் வகையைப் போடுவார்கள், புள்ளி வந்தால் ஃப்ளோட் போடுவார்கள். பாடப் பயிற்சிகளில் எண்கள் சின்னவை என்பதால் எதுவும் உடையாது. நம் ஊரில் நிஜமாகப் புழங்கும் தண்ணீர்க் கணக்கு, நிலக் கணக்கு, நெல் கணக்கு உள்ளே வந்தால்தான் உடையும். அதனால் இங்கே எல்லா உதாரணங்களும் அந்த மூன்றிலிருந்துதான்.

வகைகளின் பெயரையும் கட்டளைகளையும் உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது புத்தகத்தில் உள்ள ஆங்கில எழுத்துகளிலேயே தட்டுங்கள்.

முதல் படி: உங்கள் கணினியில் எது எத்தனை பைட் என்று பாருங்கள்

சி ஒரு கம்பைலர் மொழி, அதாவது நாம் எழுதியதைக் கம்பைலர் என்ற மென்பொருள் முதலில் கணினி மொழிக்கு மாற்றும், அதன்பின்தான் நிரல் ஓடும். ஒரு மாறிக்கு எத்தனை பைட் இடம் என்பது நிரல் ஓடுவதற்கு முன்பே முடிவாகிவிடும். ஓடும்போது எண் பெரிதானால் இடமும் தானாகப் பெரிதாகாது. பைத்தான் பழகிவிட்டு சி-க்கு வருபவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். பைத்தானில் முழு எண் எவ்வளவு பெரிதாகவும் வளரும். சி-யில் வளராது.

ஒரு பைட்டில் 8 பிட். கழித்தல் எண்ணுக்கும் இடம் விட்டால் ஒரு பைட்டில் −128 முதல் 127 வரை. இரண்டு பைட்டில் 32,767 வரை. நான்கு பைட்டில் 2,14,74,83,647 வரை, அதாவது 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம். எட்டு பைட்டில் 19 இலக்க எண் வரை போகலாம்.

பழைய நோட்ஸை நம்பி ஏமாறுவது இங்கேதான். டர்போ சி காலத்தில் எழுதிய குறிப்புகளில் இன்ட் என்றால் 2 பைட் என்று இருக்கும். அந்தக் கம்பைலருக்கு அது சரிதான். இன்றைய லேப்டாப்பில் ஜிசிசி என்ற கம்பைலரைப் போட்டு ஓட்டினால் இன்ட் 4 பைட். லாங் என்பது 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். வீட்டில் உபுண்டுவில் சரியாக ஓடிய நிரல் லேபில் விண்டோஸில் தப்பு விடை தருவதற்கு இது ஒரு நல்ல காரணம். சைஸ்ஆஃப் கட்டளையால் ஒவ்வொரு வகையின் அளவையும் அச்சிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வரி நிரல்தான்.

1999-இல் வந்த சி தரம் இந்தக் குழப்பத்துக்கு ஒரு வழி தந்தது. எஸ்டிடிஇன்ட் என்ற தலைப்புக் கோப்பைச் சேர்த்தால் இன்ட்16_டி, இன்ட்32_டி, இன்ட்64_டி என்று பிட் கணக்கைப் பெயரிலேயே சொல்லும் வகைகள் கிடைக்கும். புதிதாகப் பழகுபவர்கள் இவற்றிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. எத்தனை பிட் என்று ஒவ்வொரு முறையும் எழுதும்போது அளவைப் பற்றி யோசிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

இரண்டாம் படி: வரக்கூடிய மிகப் பெரிய எண் எது என்று கேளுங்கள்

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்றால் 100 கோடி கன அடி. இந்தக் கொள்ளளவைக் கன அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாறி வேண்டும். எந்த வகை?

இன்ட் 214 கோடி வரைதான் தாங்கும். அதாவது இரண்டு டிஎம்சி உள்ளே போகும், மூன்று போகாது. கழித்தல் எண்ணே வேண்டாம் என்று அன்சைன்ட் இன்ட் போட்டாலும் 429 கோடிச் சொச்சம்தான். நான்கு டிஎம்சியோடு நின்றுவிடும். 93.47 டிஎம்சி என்பது 9,347 கோடி கன அடி. இதற்கு 8 பைட் வேண்டும், இன்ட்64_டி அல்லது லாங் லாங்.

இதுவரை எல்லோருக்கும் புரிந்துவிடும். அடுத்ததில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் மாட்டிக்கொள்கிறார்கள்.

அணையிலிருந்து விநாடிக்கு 25,000 கன அடி திறக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்? ஒரு நாளில் 86,400 விநாடி. வீதம் என்ற மாறி இன்ட், விநாடி என்ற மாறியும் இன்ட். பெருக்கி வருவதை வைக்க நாள்_அளவு என்று லாங் லாங் மாறி ஒன்று அறிவித்திருக்கிறீர்கள். நாள்_அளவு = வீதம் * விநாடி. விடை 216 கோடி வர வேண்டும். ஜிசிசியில் சாதாரணமாக ஓட்டினால் பெரும்பாலும் வருவது கழித்தல் 213 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296.

பெரிய மாறியில்தானே வைத்தோம், பிறகு ஏன்? சி மொழி வலப்பக்கத்தைக் கணக்கிடும்போது இடப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. இன்ட்டை இன்ட்டால் பெருக்கினால் கணக்கு இன்ட் அளவிலேயே நடக்கும். 216 கோடி அங்கே கொள்ளாது. உடைந்த விடைதான் பெரிய மாறிக்குள் போய் உட்காரும். இப்படி எல்லை மீறும்போது என்ன விடை வர வேண்டும் என்று சி தரம் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. கழித்தல் எண் வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம், தப்பு கண்ணில் பட்டுவிடும்.

சரிசெய்வது எளிது. பெருக்குவதற்கு முன்பே ஒரு பக்கத்தைப் பெரிதாக்குங்கள். வீதம் என்பதற்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் லாங் லாங் என்று போட்டால் போதும், மொத்தப் பெருக்கலும் 8 பைட்டில் நடக்கும். முழுப் பெருக்கலையும் அடைப்புக்குள் வைத்து அதற்கு வெளியே லாங் லாங் போட்டால் பயன் இல்லை, அதற்குள் எண் உடைந்திருக்கும்.

இந்த நிரலின் எல்லை எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். 214 கோடிச் சொச்சத்தை 86,400-ஆல் வகுத்துப் பாருங்கள். விநாடிக்கு 24,855 கன அடி வரை விடை சரி. 24,856-இல் உடையும். ஜூன் மாதப் பாசனத் திறப்பின்போது 10,000 அல்லது 12,000 கன அடிக்குச் சோதித்துப் பார்த்துவிட்டு நிரல் சரி என்று ஒருவர் முடிவுகட்டலாம். வெள்ளக் காலத்தில் மேட்டூரிலிருந்து லட்சம் கன அடிக்கு மேலும் திறந்துவிட்டதை நாம் பார்த்திருக்கிறோம். கணக்கு சரியாக இருக்க வேண்டிய நாளும் அதுதான்.

மூன்றாம் படி: கழித்தல் எண் வருமா?

தண்ணீர் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாது, அதனால் அன்சைன்ட் போடலாம் என்று தோன்றும். இருப்பு போகாதுதான். ஆனால் வித்தியாசம் போகும். நீர்வரத்து 3,000 கன அடி, வெளியேற்றம் 12,000 கன அடி. வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்தால் −9,000. இரண்டும் அன்சைன்ட் இன்ட்டாக இருந்தால் விடை 429 கோடியே 49 லட்சத்து 58 ஆயிரத்து 296. அணைக்குத் தண்ணீர் கொட்டுகிறது என்று நிரல் சொல்லும்.

கழிக்கவோ ஒப்பிடவோ போகிற எண்ணுக்கு அன்சைன்ட் வேண்டாம். பிட்களை நேரடியாகக் கையாளும் வேலைக்கும், கருவிகளிலிருந்து வரும் பைட்களைப் படிக்கவும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: முழு எண் வகுத்தலைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் பக்கத்து நில அளவைவிட இதற்கு நல்ல பயிற்சி கிடையாது. 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி, ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. குழி அளவு இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், இந்தக் கணக்குப்படி ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட்.

4,730 குழி நிலம். சி-யில் 4730 / 100 என்றால் 47. மீதி வராது, புள்ளியும் வராது, வெட்டிவிடும். 4730 % 100 என்றால் மீதியான 30. அந்த 47 மாவை மறுபடி 20-ஆல் வகுத்தால் 2, மீதி 7. ஆக 2 வேலி 7 மா 30 குழி. வகுத்தலும் மீதியும் சேர்ந்து இவ்வளவு அழகாக வேலை செய்யும்.

அதே வெட்டுதல் வேறிடத்தில் காலை வாரும். 60 குழி எத்தனை சதுர அடி என்று மா வழியாகக் கணக்கிடுகிறீர்கள் என்று வையுங்கள். 60 / 100 * 14400 என்று எழுதினால் விடை 0. முதலில் 60 / 100 நடந்து பூஜ்யமாகிவிட்டது. 60 * 14400 / 100 என்று எழுதினால் 8,640, சரியான விடை. முழு எண்ணில் பெருக்கலை முதலிலும் வகுத்தலைக் கடைசியிலும் வையுங்கள். பெருக்கல் முதலில் வரும்போது இரண்டாம் படியில் சொன்ன எல்லையையும் கவனியுங்கள்.

விடையை வைக்கும் மாறி, புள்ளி எண்களுக்கான டபுள் வகை என்றாலும் 60 / 100 பூஜ்யம்தான். காரணம் முன்பு சொன்னதேதான், வலப்பக்கம் தனியாகக் கணக்காகிறது. புள்ளியோடு விடை வேண்டுமென்றால் 100.0 என்று எழுதுங்கள்.

ஐந்தாம் படி: பின்னம் வந்தால்

ஃப்ளோட் 4 பைட், ஏறக்குறைய 7 இலக்கத் துல்லியம். டபுள் 8 பைட், 15 இலக்கம் வரை நம்பலாம். பெரும்பாலான கணினிகள் 1985-இல் வெளிவந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி இவற்றை இருமத்தில், அதாவது 0, 1 மட்டுமே உள்ள எண்முறையில், வைக்கின்றன. இருமம் என்பதுதான் இங்கே முக்கியம்.

நம் பழைய பின்ன வாய்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அரை, கால், அரைக்கால், வீசம். இவை 1/2, 1/4, 1/8, 1/16. எல்லாம் இரண்டால் வகுத்து வகுத்து வந்தவை. டபுளில் இவை துளியும் பிசகாமல் உட்காரும். இன்னொரு வரிசையும் உண்டு. மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவற்றின் கீழெண்ணில் ஓர் ஐந்து ஒளிந்திருக்கிறது. ஐந்து இருந்தால் இருமத்தில் முடிவே இல்லாமல் நீளும், மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று நீள்வதைப் போல. எங்கோ ஓரிடத்தில் வெட்ட வேண்டியிருக்கும். வெட்டியதும் எண் ஒரு மயிரிழை மாறிவிடும்.

இருமா என்பது பத்தில் ஒன்று, 0.1. ஒரு டபுள் மாறியில் 0.1-ஐப் பத்து முறை கூட்டுங்கள். ஒன்று வர வேண்டும். சாதாரணமாக அச்சிட்டால் 1.000000 என்றுதான் காட்டும், நிம்மதியாக இருக்கும். 16 தசம இடம் கேட்டு அச்சிடுங்கள்: 0.9999999999999999. இப்போது இதை 1.0-க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். பத்து இருமா சேர்ந்தும் ஒரு வேலி ஆகவில்லை.

பழைய கணக்குப்பிள்ளைகள் இதற்கு வைத்திருந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நில அளவு வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கிக்கொண்டே போகும். வேலியில் 320-இல் ஒரு பங்கு முந்திரி. எல்லாவற்றையும் முந்திரியில் எண்ணிப் பாருங்கள்: காணி 4, மா 16, வீசம் 20, அரைக்கால் 40, கால் 80, அரை 160, முழு வேலி 320. ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. இரண்டு வரிசையும் ஒரே அலகில் முழு எண்ணாக அடங்கிவிடுகின்றன. நிரலிலும் இதையே செய்யுங்கள். மிகச் சிறிய அலகைத் தேர்ந்தெடுத்து, அதில் முழு எண்ணாகக் கணக்கை நடத்துங்கள். திரையில் காட்டும்போது மட்டும் பெரிய அலகுக்கு மாற்றுங்கள்.

அப்படியானால் டபுள் எதற்கு? அளந்து வரும் எண்களுக்கு. அணை நீர்மட்டம், சராசரி மழை, வெப்பநிலை போன்றவை அளக்கும்போதே துல்லியம் ஓரளவுதான், அங்கே டபுளைத் தாராளமாகப் போடலாம். சமமா என்று மட்டும் கேட்காதீர்கள். வித்தியாசம் 0.001-க்குள் இருக்கிறதா என்பதுபோல, வேலைக்குத் தக்க ஒரு வரம்பு வைத்துக் கேளுங்கள். ஃப்ளோட்டா டபுளா என்று குழம்பினால் டபுள்.

ஆறாம் படி: பணத்தைப் பைசாவில் வையுங்கள்

2025-26 கொள்முதல் பருவத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து சன்ன ரக நெல்லுக்கு குவின்டாலுக்கு 2,545 ரூபாய். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை. ஒரு மூட்டைக்கு 1,018 ரூபாய்.

மொத்தத் தொகையை ஃப்ளோட்டில் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஃப்ளோட்டில் எண் பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் பெரிதாகும். 1,31,072 ரூபாயைத் தாண்டினால் அந்த இடைவெளி ஒன்றரைப் பைசா. 129 மூட்டை போட்டாலே அந்த இடத்துக்கு வந்துவிடுவோம், அதற்கு மேல் ஃப்ளோட்டுக்கு ஒவ்வொரு பைசாவும் தெரியாது. 1,67,77,216 ரூபாய்க்கு வந்தபின் ஒரு ரூபாய் கூட்டினால் தொகை நகரவே நகராது, மறுபடியும் அதே 1,67,77,216. விவசாயிக்குப் போக வேண்டிய பணத்தை இப்படி ஒரு வகையில் வைப்பது சரியில்லை.

பைசாவில், முழு எண்ணாக வையுங்கள். இங்கே ஒரு வசதி உண்டு: குவின்டாலுக்கு எத்தனை ரூபாயோ, கிலோவுக்கு அத்தனை பைசா. 2,545 ரூபாய் குவின்டால் என்றால் கிலோ 2,545 பைசா. 40 கிலோவுக்கு 1,01,800 பைசா. எங்கும் புள்ளி வரவில்லை.

இன்ட் போதுமா? 214 கோடிப் பைசா என்றால் ஏறக்குறைய 2 கோடியே 14 லட்சம் ரூபாய். 21,095 மூட்டை வரை தாங்கும். ஒரு நிலையத்தில் நாளைக்கு 1,000 மூட்டை பிடித்தால் 22-ஆம் நாள் கணக்கு உடையும். இன்ட்64_டி போட்டால் மாநிலத்தின் மொத்தக் கொள்முதலும் அடங்கும்.

ஈரப்பதத்துக்கும் இதே முறைதான். வரம்பு 17 சதவீதம் என்றால் பத்தில் ஒரு பங்கு அலகில் 170 என்று வையுங்கள். 16.9 வந்தால் 169. ஒப்பிடுவதில் சந்தேகத்துக்கே இடம் இருக்காது.

ஏழாம் படி: போர்டுக்கு எழுதினால் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள்

மோட்டாரைத் தானாக நிறுத்துவது, மண் ஈரம் பார்ப்பது என்று ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் போர்டை வைத்துப் புராஜெக்ட் செய்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. அந்தப் போர்டின் ஆர்3 வடிவில் இன்ட் 2 பைட்தான், டர்போ சி காலத்து அளவு. டபுள் என்று எழுதினாலும் அது 4 பைட் ஃப்ளோட்தான். மொத்த ரேம் 2 கிலோபைட்.

சென்சார் அளவு 0 முதல் 1023 வரை வரும். அதைச் சதவீதமாக்க அளவு * 100 / 1023 என்று எழுதுவோம். பெருக்கல் முதலில், வகுத்தல் கடைசியில், எல்லாம் சொன்னபடிதான். அளவு 327 வந்தால் 32,700, வகுத்தால் 31. சரி. அளவு 328 வந்தால் பெருக்கல் 32,800. 2 பைட் எல்லை 32,767. எண் புரண்டு −32,736 ஆகும். 1023-ஆல் வகுத்தால் −32. வயல் ஈரம் 31 சதவீதத்திலிருந்து ஒரே தாவலில் கழித்தல் 32-க்குப் போய்விடும். சென்சார் கெட்டுவிட்டது என்று கழற்றி வேறு வாங்கிப் போடுவார்கள், புதியதும் அதையே காட்டும்.

100 என்பதற்குப் பின்னால் ஒட்டி எல் என்ற எழுத்தைப் போடுங்கள். அந்த நூறு 4 பைட் லாங் ஆகிவிடும், பெருக்கலும் 4 பைட்டில் நடக்கும். ஓர் எழுத்துதான் திருத்தம். லேப்டாப்பில் இந்தத் தப்பு தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே இன்ட் 4 பைட். போர்டுக்கான கணக்கை லேப்டாப்பில் சோதித்துப் பார்ப்பதானால் மாறிகளை இன்ட்16_டி என்று அறிவித்தால் மட்டும் போதாது. பெருக்கும்போது அவை இன்ட் அளவுக்கு உயர்த்தப்பட்டுவிடும். பெருக்கிய விடையையும் ஓர் இன்ட்16_டி மாறியில் வாங்கிப் பாருங்கள்.

எட்டாம் படி: கம்பைலரிடம் கேளுங்கள்

ஜிசிசி-க்கு எச்சரிக்கை விருப்பங்கள் உண்டு. வால், வெக்ஸ்ட்ரா, டபிள்யூகன்வெர்ஷன் மூன்றையும் எப்போதும் போடுங்கள். பெரிய வகையிலிருந்து சின்ன வகைக்கு எண் இறங்கும் இடங்களை மூன்றாவது காட்டிக்கொடுக்கும். லாங் லாங் எண்ணை இன்ட்டுக்கான குறியில் அச்சிட்டால் வால் கண்டுபிடிக்கும். சதவீதக் குறிக்குப் பின் எல், எல், டி என்று மூன்று எழுத்தும் வர வேண்டும். மாறி சரியாக இருந்து அச்சு மட்டும் தப்பாக இருந்தாலும் மணிக்கணக்கில் தேட வைத்துவிடும்.

25000 * 86400 என்று எண்களாகவே எழுதினால் எல்லை மீறுவதைக் கம்பைலரே எச்சரிக்கும். மாறிகளாக இருந்தால் அதற்குத் தெரியாது. அதற்கு எஃப்சானிடைஸ் என்ற விருப்பத்தை அன்டிஃபைன்ட் என்ற மதிப்போடு சேர்த்துத் தொகுத்து ஓட்டுங்கள். எந்த வரியில், எந்த இரண்டு எண்ணைப் பெருக்கும்போது இன்ட் தாங்கவில்லை என்று நிரல் ஓடும்போதே சொல்லிவிடும். பழகும் காலத்தில் இந்த விருப்பம் இல்லாமல் ஒரு நிரலையும் ஓட்ட வேண்டாம்.

சோதனை எண்களைக் கண்டபடி எடுக்காதீர்கள். பூஜ்யம், ஒன்று, ஒரு கழித்தல் எண், எல்லைக்குச் சற்று முன், எல்லைக்குச் சற்றுப் பின். தண்ணீர் நிரலுக்கு 24,855, 24,856. மூட்டை நிரலுக்கு 21,095, 21,096. போர்டுக்கு 327, 328. உங்கள் நிரலுக்கு எந்த ஜோடி என்று தாளில் வகுத்துக் கண்டுபிடித்து, அதை நிரலின் மேலேயே ஒரு குறிப்பாக எழுதிவையுங்கள். பின்னால் அந்த நிரலைத் தொடுகிறவர்கள் எல்லை எங்கே என்று தேடி அலைய வேண்டியிருக்காது.